பூவின் முதுகைப் பார்

கேட்டைத் திறக்க இறங்கிய ஜோசு இத்துர்பே, திறந்த பிறகும் வண்டியில் ஏறவில்லை. பிக்கப்பின் முன்கண்ணாடியில் அப்பியிருந்த தூசியில் விரலால் ஓர் ஆடு வரைந்தான். மல்லாந்து கிடந்தது ஆடு. நாலு காலும் வானத்தைப் பார்த்திருந்தன. நாக்கு வெளியே. தலையில் ஒரு பெரிய தொப்பி. கடைசியாக, ரொம்ப அக்கறையோடு, ஒரு சுருட்டை வாலைப் போட்டான்.

“ஆட்டுக்கு எங்கடா சுருட்டை வால்? அது பன்னிக்கு,” என்றாள் ஹெஸ்டர் லண்ட், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

“என் ஆடு, என் வால் பாஸ். தொப்பியப் பாத்தீங்களா? வெர்ன் ஹாலெக்கோடது.”

ஹெஸ்டருக்கு வயது அறுபத்தொன்று. இருபத்திரண்டு வருஷம் மாவட்டத்துக்குக் களை ஆய்வாளராக இருந்தவள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தது ஒரு மாதம்கூட ஒத்துவராமல், துப்பறியும் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். கிழக்கு ஒரேகானின் அந்தக் காய்ந்த பக்கத்தில் மாடு காணாமல் போனாலும் வேலி அறுந்தாலும் ஜனங்கள் ஷெரிஃபுக்கு முன்னால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஜோசு அவளுடைய உதவியாளன். பரம்பரையாக ஆடு மேய்த்த குடும்பம். காளைச் சவாரிக்குப் போய் முழங்காலைக் கொடுத்துவிட்டு வந்தான். அப்புறம் ஒரு கோடைக்குப் பண்ணைக்காரன் ஹாலெக்கின் மேய்ப்பர்களுக்கு மலைமேல் ரொட்டியும் தண்ணீரும் கொண்டுபோனான். இரண்டு பிழைப்பிலும் அவனுக்கு மிச்சமானது வாய் ஒன்றுதான்.

அவன் ஏறி உட்கார்ந்ததும் சட்டைப் பையில் கைபேசி உறுமியது. எடுத்துப் பார்த்து மறுபடி உள்ளே போட்டான்.

“யாரு?”

“தெரியாத நம்பர். என் வண்டிக்கு வாரண்டி முடிஞ்சிபோச்சாம், நீட்டிக்கணுமாம். என் வண்டிக்கு வாரண்டி முடிஞ்சப்ப நான் மூணாவது படிச்சிக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு பார்ல பாருங்க, ஒருத்தன் விடாம நாலு தடவை அடிச்சான். போனை கவுன்டர் மேல வெச்சேன். அஞ்சாவது தடவை அடிப்பானா மாட்டானான்னு எல்லாருக்கும் பந்தயம். அடிப்பான்னு சொன்ன நான்தான் தோத்தேன்.”

“பேச்சக் குறை. மூக்கப் பொத்திக்கோ,” என்றாள் ஹெஸ்டர். வளைவு திரும்பியதும் நாற்றம் வந்து முகத்தில் அடித்தது.

எலீசியோ கொந்தோரி பெருவிலிருந்து வந்து ஐந்து வருஷமாக ஹாலெக்கின் மந்தையை மேய்த்தவன். போன வியாழக்கிழமை அவனிடமிருந்த மந்தை கொத்துக் கொத்தாகச் செத்தது. அன்று சாயங்காலமே அவனும் பாறை விளிம்பிலிருந்து விழுந்து செத்தான். குடித்துவிட்டுத் தூங்கினான், பயந்து ஓடினான், விழுந்தான் என்று ஷெரிஃப் எழுதி மூடிவிட்டார். எலீசியோவின் தம்பி வில்பர் பக்கத்துப் பண்ணையில் மேய்ப்பன். திங்கட்கிழமை அவன் ஹெஸ்டரின் வாசலில் வந்து நின்றான். “அண்ணனோட உடம்பு புதன்கிழமை ஊருக்குப் போகுதும்மா. கூட ஒரு காகிதமும் போகும். குடிகாரன்னு அதுல எழுதியிருக்கக் கூடாது. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியும்,” என்றான்.

இன்று செவ்வாய்.

வெர்ன் ஹாலெக் மண் அள்ளும் இயந்திரத்தில் உட்கார்ந்து குழி தோண்டிக்கொண்டிருந்தான். குழிக்குள் பாதி மந்தை கிடந்தது. ஆட்டின் முதுகில் போட்ட சிவப்புக் குறி இன்னும் புதுசாகவே இருந்தது. ஹெஸ்டர் ஒரு நிமிஷம் வேறு பக்கம் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறாள். ஆனாலும் இவ்வளவை ஒரே குழியில் பார்த்ததில்லை.

“நூத்தி எம்பத்தாறு,” என்றான் ஹாலெக். “இன்னும் மூணு உதறிக்கிட்டுக் கெடக்கு.”

“வருத்தமா இருக்கு வெர்ன்.”

“வருத்தத்த வெச்சி நான் என்னம்மா பண்றது? செத்தவனத் தப்பா பேசக் கூடாதுதான். ஆனா செத்த ஆடு என்னோடதாச்சே. குடிச்சிட்டுக் கூண்டு வண்டில படுத்துட்டான். மந்தை தன்னால லூப்பின் விஷச்செடில போய் விழுந்துடுச்சி. காய் புடிச்ச லூப்பின்.”

“அவன் குடிச்சத யாரு பாத்தா?”

“யாரும் பாக்கத் தேவையில்ல. மேய்ப்பன் முழிச்சிருந்தா இத்தனை சாகுமா?”

“நீங்க முழிச்சிருக்கீங்களே, இன்னும் மூணு சாகுதே,” என்றான் ஜோசு.

“டேய் இத்துர்பே, இந்த வாய்க்குத்தான்டா அந்தக் காளை உன் மேல ஏறி உக்காந்துது.”

ஹெஸ்டர் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. “இந்த மலை உனக்குப் புதுசுதானே?”

“பழைய மேய்ச்சல் காடு போன வருஷத் தீயில போயிடுச்சி. இதுதான் கெடச்சுது.”

“ஆடுங்க முந்தின நாள் எங்க நின்னுது?”

“கீழ பண்ணை யார்டுல. குறி போட்டோம். விடிகாலைல லாரில ஏத்தி இங்க கொண்டாந்து இறக்குனோம்.”

“யார்டுல தீனி போட்டியா?”

ஹாலெக் லீவரை இழுத்தான். இயந்திரம் கத்தியது. அதுதான் பதில் என்று ஹெஸ்டர் எடுத்துக்கொண்டாள். பட்டினியில் நின்ற மந்தையைக் காய் பிடித்த லூப்பின் இருக்கும் சரிவில் அவிழ்த்துவிட்டிருக்கிறான். அந்தப் பாவத்தில் இவனுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஷெரிஃபின் காகிதத்தை மாற்ற அது மட்டும் போதாது.

சரிவில் இருநூறு அடி ஏறியதும் ஹெஸ்டர் நின்றாள். “ஜோசு, என்ன தெரியுது?”

“செடி.”

“ஒழுங்காப் பாரு.”

சரிவின் இடப்பக்கம் முழுக்க ஒரு லூப்பின் கூட்டம், இடுப்புயரம். இலையும் தண்டும் காயும் வெள்ளை வெளேரென்று கம்பளிபோல் மயிர் மூடி நின்றன. ஒரு காம்பைக்கூட ஆடு கடித்திருக்கவில்லை. வலப்பக்கம் பச்சை லூப்பின். அங்கே மிச்சம் இருந்தது குச்சிதான், எல்லாம் மொட்டையாக மேயப்பட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் எல்லை கயிறு பிடித்தமாதிரி நேராக ஓடியது. இருபது அடிக்கு ஒரு கற்குவியல். கூடவே ஒரு நாயின் கால்தடம், போவதும் வருவதுமாக நூறு தடவை.

“தூங்குற மேய்ப்பனோட மந்தை கோடு கிழிச்சி மேயுமா?” என்றாள் ஹெஸ்டர்.

ஜோசு சீட்டியடித்தான். “நாயோட நாள் பூரா இங்கயே நின்னுருக்கான். வெள்ளைய அண்ட விடல. நல்லா வேலை தெரிஞ்சவன் பாஸ். வெள்ளைதான் கொல்லும், பச்சை ஒண்ணும் பண்ணாது. எங்கப்பா முப்பது வருஷம் அப்படித்தான் மேய்ச்சாரு.” சட்டென்று விரலைச் சொடுக்கினான். “அப்ப ஆடு லூப்பினால சாகவே இல்ல! ஹாலெக் ஆடு நக்குற உப்புக் கட்டில எதையோ கலந்துருக்கான். ஒரு கட்டி எடுத்துட்டு வரட்டா?”

“போய் எடுத்துட்டு வா.”

அவன் நொண்டிக்கொண்டே உற்சாகமாக இறங்கினான். ஹெஸ்டர் முழங்கால் முனக உட்கார்ந்து, ஒரு புதரின் நிழலில் தப்பியிருந்த பச்சை லூப்பின் ஒன்றைப் பிடித்தாள். உச்சியில் நாலு பூ இன்னும் உதிராமல் இருந்தது. கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கண்ணில் வைத்தாள்.

இலை, உள்ளங்கையிலிருந்து விரல்கள் பிரிவதுபோல் ஒன்பதாகப் பிரிந்திருந்தது. மேல்பக்கம் வழவழப்பு. ஜோசுவின் அப்பா மேய்த்த பச்சை லூப்பினிலும் இலை வழவழப்புத்தான். ஆனால் அது ஈரப் புல்வெளிச் செடி. பெரிய இலை, பதின்மூன்று விரலுக்குக் குறையாது. இது வறண்ட சரிவில் நிற்கிறது. அவள் பூவைத் திருப்பினாள். மேல் இதழ் பச்சைக் கிண்ணத்தில் உட்காரும் இடத்தில், பூவின் முதுகில், பின்னோக்கித் துருத்திக்கொண்டு ஒரு சின்னக் கொம்பு.

கொம்பு லூப்பின். காய் பிடித்த காலத்தில், பட்டினி மந்தைக்கு இதைவிட மோசமான தீனி இந்த மலையில் கிடையாது.

இருபத்திரண்டு வருஷம் பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் தொண்டை கிழியச் சொன்னாள். இலையோடு நிறுத்தாதீர்கள், பூவின் முதுகைப் பாருங்கள் என்று. எல்லோரும் தலையாட்டிவிட்டு டோனட் தின்னப் போனார்கள். பள்ளத்தாக்கில் பாதிப் பேர் இன்னும் வெள்ளை, பச்சை என்ற இரண்டோடுதான் காலம் தள்ளுகிறார்கள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்தக் கற்களைப் பார்த்துப் பார்த்துக் குவித்தவனுக்கு யாரோ அந்தப் பாதிப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேலை கொடுத்த ஹாலெக்காகத்தான் இருக்க வேண்டும். அதை மட்டும் நிரூபித்துவிட்டால் காகிதம் மாறும்.

பூவைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தாள். உப்புக் கட்டியோடு மூச்சிரைக்க வந்த ஜோசுவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆளை உறுதி செய்யாமல் அவள் எப்போதும் வாயைத் திறப்பதில்லை.

எலீசியோ விழுந்த பாறை விளிம்பு சரிவுக்கு மேலே கால் மைல். பண்ணை இருப்பது கிழக்கே, இது மேற்கே. அதனால்தான் ‘ஓடினான்’ என்று ஷெரிஃப் எழுதினார். விளிம்புக்கு முப்பதடி முன்னால் ஒரு ஜூனிபர் மரம். பட்டையில் கயிறு உராய்ந்த தடமும் அடியில் குதிரைச் சாணமும் இருந்தன.

“ஓடுறவன் எதுக்குக் குதிரையக் கட்டிப் போட்டுட்டு ஓடணும்?” என்றாள் ஹெஸ்டர்.

“குதிரைக்கு லைசென்ஸ் இல்லையோ என்னவோ,” என்ற ஜோசு விளிம்பை நோக்கி இன்னும் நாலு எட்டு வைத்தான். டிங் என்றது அவனுடைய கைபேசி. மறுபடி ஒரு டிங். “அட, கேட்டத் தாண்டுனதுலேர்ந்து செத்துக்கெடந்த போனு இங்க உயிரோட வருது. ரெண்டு கோடு சிக்னல்!”

இரண்டடி பின்னால் வந்தான். கோடுகள் மறைந்தன. முன்னால் போனான், வந்தன. விளிம்பின் ஓரத்தில், பொரபொரத்த பாறையின் கடைசி முனையில்தான் நன்றாக எடுத்தது.

“அவன் ஓட வரல,” என்றாள் ஹெஸ்டர். “யாருக்கோ போன் பண்ண வந்திருக்கான். சிக்னலுக்காக முன்னால போய்ப் போய்…” கீழே பார்த்தாள்.

“போனு?”

“கீழ தூளாக் கெடந்துதாம். யாருக்குப் பண்ணான்னு கம்பெனிக்காரங்க சொல்ல மூணு வாரம் ஆகும்.”

“புதன்கிழமை நாளைக்கு பாஸ்.” ஜோசுவின் குரலில் இப்போது கிண்டல் இல்லை. “ரொட்டி கொண்டுபோறப்பல்லாம் எனக்கு காபி போட்டுக் குடுப்பான் அவன். சர்க்கரை அதிகமா. அந்தாளு யாருன்னு கண்டுபுடிச்சே ஆகணும். ஆடு சாகுதுன்னு ஒருத்தன் கூப்புட்டா எடுக்காம இருந்தவன் மூஞ்சிய நான் பாக்கணும்.”

வில்பர் தங்கியிருந்தது டவுனில் தீவனக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. அண்ணனின் நாய் பூக்கா கட்டிலுக்கடியில் படுத்திருந்தது. ஜோசுவைக் கண்டதும் எழுந்து வந்து அவன் பூட்ஸை நக்கியது. அவன் வாசற்படியில் உட்கார்ந்து அதன் காதைச் சொறிய ஆரம்பித்தான்.

வில்பர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிலில் கவிழ்த்தான். “ஷெரிஃப் ஆபீஸ்ல குடுத்ததும்மா. அவன் சட்டைல இருந்தது இவ்வளவுதான்.”

ஒரு ஜெபமாலை, ஒரு பேனாக்கத்தி, இரண்டு வட்டமான மெல்லும் புகையிலை டின்.

“அண்ணன் எத்தனை வருஷமா புகையிலை போட்டுக்கிட்டு இருந்தாரு?” என்று கேட்டாள் ஹெஸ்டர்.

“அவனா? வாசனையே ஆகாது. வாந்தி எடுப்பான்.”

ஹெஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். புகையிலை போடாதவன் சட்டையில் இரண்டு புகையிலை டின். ஷெரிஃப் ஆபீஸில் எல்லோரும் போடுகிறவர்கள், அதனால் ஒருத்தருக்கும் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

முதல் டின்னைத் திறந்தாள். காய்ந்த லூப்பின் இலை, வெள்ளை மயிர் அடர்ந்தது. ஒரு பூ. லென்ஸில் திருப்பிப் பார்த்தாள், மேல் இதழின் முதுகு முழுக்க மயிர். கம்பளி லூப்பின்.

இரண்டாவது டின்னில் பச்சை இலை. விரல்களை எண்ணினாள். பதின்மூன்று. பூவின் முதுகு வழவழப்பு, கொம்பு இல்லை. புல்வெளி லூப்பின். அதன்மேலேயே இன்னொரு தளிர் கிடந்தது, வாடி மட்டும் இருந்தது, காயவில்லை. ஒன்பது விரல். பூவின் முதுகில் கொம்பு.

சாகும் நாளில் பறித்தது. ஆடுகள் விழ ஆரம்பித்ததும் அவன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். வித்தியாசத்தைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறான். அப்புறம்தான், பாடம் சொன்னவனைக் கேட்க, குதிரையேறிப் பாறைக்குப் போயிருக்கிறான்.

“இந்த டின்ன யாரு குடுத்தா?” என்று கேட்டுக்கொண்டே ஹெஸ்டர் மூடிகளைக் கவிழ்த்தாள்.

மூடிகளில் ஆணியால் கீறிய படம் இருந்தது. பச்சை டின்னின் மூடியில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆடு. வெள்ளை டின்னின் மூடியில் மல்லாந்த ஆடு. நாலு காலும் மேலே, நாக்கு வெளியே.

இரண்டுக்கும் சுருட்டை வால்.

ஹெஸ்டர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் ஜோசு நாயிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு தடவை துப்பு கிடைக்காமலே போயிருக்கலாம் என்று நினைத்தாள். மூடிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடவும் அவளால் முடியும். வில்பர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஜோசு,” என்றாள். “போன வியாழக்கிழமை சாயங்காலம் நீ எங்க இருந்த?”

“வியாழனா? பார்ல. ஏன் பாஸ், எனக்கே சாட்சி கேக்குறீங்களா?”

“உன் போன எடு. அன்னிக்கு வந்த கால்களப் பாரு.”

சிரித்தபடியே எடுத்தான். கட்டைவிரலால் தள்ளினான். விரல் நின்றது.

“தெரியாத நம்பர். ஆறு பத்து, ஆறு பன்னெண்டு, ஆறு பதினஞ்சு, ஆறு இருபது.” குரல் இறங்கியது. “நாலு.”

ஹெஸ்டர் எழுந்து போய் இரண்டு மூடிகளையும் அவன் கையில் வைத்தாள். அவன் வெகுநேரம் பார்த்தான். நாய் அவன் மணிக்கட்டை நக்கியது.

“போன் மாத்துனப்ப பழைய நம்பரெல்லாம் போயிடுச்சி பாஸ்,” என்றான். “விளையாட்டுக்கு வரைஞ்சது. அவனுக்கு அப்ப இங்கிலீஷ் சரியா வராது. இத வெச்சிக்கோ, தப்பே வராதுன்னு சொன்னேன். பச்சை ஒண்ணும் பண்ணாதுன்னு… எங்கப்பா முப்பது வருஷம்…”

“அதுவும் விஷம்தான்டா. உங்கப்பா காட்டுல வேற புல்லு நெறைய இருந்துது. காய் புடிக்கிறதுக்கு முன்னாடியே மந்தை நகந்துடும். அவரு செடியக் கத்துக்கல. அதிர்ஷ்டத்தக் கத்துக்கிட்டாரு.”

சொன்ன பிறகு ரொம்பக் கடுமையாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. ஜோசு மெதுவாக எழுந்தான். முழங்கால் நொடித்தது, சுவரைப் பிடித்துக்கொண்டான். வில்பரின் எதிரில் போய் நின்றான்.

“உங்கண்ணன் குடிக்கல. தூங்கல, ஓடவும் இல்ல. நான் சொல்லிக் குடுத்தத அப்படியே செஞ்சான். தப்பா சொல்லிக் குடுத்தவன் நான். அன்னிக்கு அவன் கூப்புட்டது என்னைத்தான். நான் எடுக்கல. ஷெரிஃப்கிட்ட வந்து இத எழுதிக் குடுக்குறேன், இன்னிக்கே.”

வில்பர் கட்டிலில் உட்கார்ந்தான்.

“எடுக்காம என்ன பண்ணீங்க அண்ணே?” என்று கேட்டான் வில்பர்.

ஜோசு பொய் சொல்லிவிடுவான் என்று ஹெஸ்டர் ஒரு கணம் எதிர்பார்த்தாள். சொன்னாலும் மன்னித்திருப்பாள்.

“சிரிச்சிக்கிட்டு இருந்தேன்,” என்றான்.

வில்பர் தலையைக் குனிந்துகொண்டான். அழவில்லை. பச்சை டின்னின் மூடியை ஜோசுவின் கையிலிருந்து எடுத்து, சிரிக்கும் ஆட்டைக் கட்டைவிரலால் துடைத்தான். “இத போட்டோ புடிச்சி அம்மாவுக்கு அனுப்பினான். அம்மா ரொம்ப சிரிச்சாங்களாம்.”

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் ஆணியை எடுத்தான். மூடியையும் ஆணியையும் ஜோசுவிடம் நீட்டினான்.

“மிச்ச மந்தைக்கு ஹாலெக் என்னைத்தான் போட்டிருக்காரு. திங்கக்கெழமை அதே மலைக்குப் போறேன். இத மாத்தி வரைஞ்சி குடுங்க. மூணாவதா அந்தக் கொம்பு வெச்சதுக்கும் ஒரு டின் வேணும்.”

ஹெஸ்டர் லென்ஸைக் கழுத்திலிருந்து கழற்றி வில்பரின் மேசைமேல் வைத்தாள். ஜோசு வாசற்படியில் உட்கார்ந்து மூடியை முழங்காலில் வைத்துக்கொண்டான். சிரிக்கும் ஆட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி அழித்தான். பக்கத்தில் மல்லாந்த ஆடு ஒன்றை வரைந்தான், நாலு காலும் மேலே, நாக்கு வெளியே.

வாலை நேராகப் போட்டான்.